மூக்குக்கு பில் வாங்குங்கள்!

நாஞ்சில் நாட்டுக்கு அழகு அறுவை சிகிச்சை இப்போதுதான் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் பாட்டிமார் காலத்திலேயே அது இங்கே இருந்தது. அதுவும் ஒரே காதுக்கு இரண்டு தடவை!

பாம்படம் போட்ட பாட்டிகளைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். தோளைத் தொடுகிற காது. பிறவியில் யாருக்கும் அப்படி வருவதில்லை. பெண் குழந்தைக்குக் காது குத்துவார்கள். துளையில் பஞ்சைத் திரித்து வைப்பார்கள். துளை பெரிதானதும் ஓலைச் சுருள். அப்புறம் குணுக்கு என்று ஈயத்தில் கனமான வளையம். சில குழந்தைகளுக்குப் புண்ணாகும், சீழ் பிடிக்கும், ராத்திரியெல்லாம் அழும். விடமாட்டார்கள். 'காது வடிக்காத பிள்ளைய எவன் கெட்டுவான்?' இதுதான் அந்தக் காலத்து விளம்பர வாசகம்.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது, கம்மல் வந்தது, நாகரிகம் வந்தது. வடித்த காது திடீரென்று பட்டிக்காட்டு அடையாளம் ஆகிவிட்டது. ஏற்கெனவே வடித்துவிட்ட பெண்களை உட்காரவைத்து, தொங்கின சதையை அறுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். காதோரம் தழும்பும், தழும்புக்குக் கீழே கம்மலுமாக மணையில் உட்கார்ந்த பெண்கள் உண்டு. இப்போது வாசகம் மாறிவிட்டது: 'காதத் தைக்காத பிள்ளைய எவன் கெட்டுவான்?'

நீட்டச் சொன்னதும் கல்யாணச் சந்தை. குறைக்கச் சொன்னதும் கல்யாணச் சந்தை. இரண்டு தடவையும் வலித்தது அவளுக்கு.

சந்தை இப்போது காதை விட்டுவிட்டு மூக்குக்கு வந்திருக்கிறது.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு நோட்டு போட்டுக் கணக்கு எழுதினார். நான் பி.காம். படித்தவன் என்பதால் இப்படிப்பட்ட நோட்டுகள் எப்படியோ என் கைக்கு வந்துவிடும். மண்டபம், சமையல், பவுன், மாப்பிள்ளைக்குச் செயின்... நடுவில் ஒரு வரி: 'மூக்கு - 1,25,000'. வைர மூக்குத்தி போலிருக்கிறது என்று நினைத்துக் கேட்டேன்.

"மூக்குத்தி இல்ல தம்பி... மூக்கு! மாப்பிள்ளைக்க அத்தை போட்டோவப் பாத்துட்டு, பிள்ளை நல்லாத்தான் இருக்கா, மூக்குதான் கொஞ்சம் சப்பையாட்டு இருக்குன்னு சொன்னாவளாம். இப்பம் அதெல்லாம் ஒரு வாரத்துல செரியாக்கிரலாம்னு புரோக்கரு சொல்லுகாரு."

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே மாதம். அந்தப் பெண் முதுகலை படித்தவள், வேலைக்குப் போகிறவள். இருபத்தைந்து வருஷமாக அந்த மூக்கால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு குறை இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

'ஒரு வாரம்' என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? மூக்கின் மேல் வைத்துக் கட்டுகிற பட்டையை ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுப்பார்கள். அவ்வளவுதான். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போன நீலம் வடிய இரண்டு வாரம் ஆகும். பெரிய வீக்கம் வடியச் சில வாரங்கள், மிச்ச வீக்கம் வடியப் பல மாதங்கள். மூக்கு நுனி கடைசி வடிவத்துக்கு வர ஒரு வருஷம்கூட ஆகலாம். அதாவது, கல்யாண ஆல்பத்தில் பதிவாவது வீங்கின மூக்கு. காசு கொடுத்து வாங்கின மூக்கு வந்து சேர்வதற்குள் வளைகாப்பே நடந்துவிடும்.

இன்னொன்றையும் புரோக்கர் சொல்லமாட்டார். நம்மில் பலருக்கு மூக்கு நுனித் தோல் தடிமன். உள்ளே குருத்தெலும்பை எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும், மேலே போர்த்தியிருக்கிற தோல் தடிப்பாக இருந்தால் அந்தக் கூர்மை வெளியே அவ்வளவாகத் தெரியாது. சினிமா நடிகையின் போட்டோவை எடுத்துக்கொண்டு போய் நீட்டினால், நேர்மையான டாக்டர் 'இது உங்கள் மூக்கில் வராது' என்று சொல்லிவிடுவார். நூறு பேருக்கு மூக்கு ஆபரேஷன் செய்தால் ஐந்திலிருந்து பதினைந்து பேர் வரை மறுபடியும் மேஜையில் படுக்க வேண்டியிருக்கும் என்பது மருத்துவர்களே எழுதிவைத்திருக்கிற கணக்கு. முதல் ஆபரேஷனைவிட இரண்டாவது கஷ்டம். சிலருக்கு மூக்கு அழகாகிவிடும், மூச்சு அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் தழும்பு. நம் மாதிரி கறுப்புத் தோல்காரர்களுக்கு இது முக்கியம். காது குத்தின இடத்தில் உருண்டையாகச் சதை வளர்ந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கெலாய்டு என்று பெயர். வெள்ளைத் தோலைவிட நம் தோலில் இது அதிகம் வரும். காதில் வந்தவருக்கு வேறு இடத்தில் கத்தி பட்டாலும் வரலாம். உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ அப்படி வளர்ந்ததுண்டா என்று கேட்காமலே தேதி குறிக்கிற இடத்தில் ஒரு நிமிஷம்கூட உட்காராதீர்கள்.

பெரியவரிடம் நான் சொன்னது ஒன்றுதான். புரோக்கரை விட்டுவிட்டு, கத்தி பிடிக்கப்போகிற டாக்டரை நேரில் பார்த்துக் கேளுங்கள் என்றேன். திருவனந்தபுரத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் பார்த்தது ஒழுங்கான டாக்டர். அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பெண்ணிடம் தனியாக 'உனக்கு இது வேணுமாம்மா?' என்று கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது செய்யமாட்டேன் என்று அனுப்பிவிட்டார். சம்பந்தம் தட்டிப்போனது. பெரியவருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை.

பெண்ணுக்கு மூக்கு என்றால், ஆணுக்கு முடி. வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வருகிற நம்மூர்ப் பையன்தான் இந்த வியாபாரத்துக்கு லட்டு மாதிரி வாடிக்கையாளர். கையில் காசு, தலையில் வழுக்கை, நிச்சயத்துக்கு நாள் நெருக்கம். 'ஒரே நாளில் 3,000 முடி' என்கிறது விளம்பரம். பொய் இல்லை, ஒரே நாளில் வைத்துவிடுவார்கள். ஆனால் வைத்த முடியில் பெரும்பகுதி சில வாரத்திலேயே உதிர்ந்துவிடும். அது இயல்பு. வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் புதிதாக முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம். லீவில் வந்த பையன் நிச்சயதார்த்த மேடையில் தலை முழுக்கப் பொருக்கோடு உட்கார்ந்திருப்பான். அல்லது ஊருக்குத் திரும்பி, முடி கொட்டுவதைப் பார்த்து ராத்திரியில் பதறுவான்.

இதில் புது முடி ஒன்றுகூட உண்டாவதில்லை என்பதையும் யாரும் சொல்வதில்லை. பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்னந்தலையில் வைக்கிறார்கள். எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது டிரான்ஸ்ஃபர் என்ட்ரி, வருமானம் அல்ல. பின்னந்தலை இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். வைத்த முடி நிற்கும். சுற்றியிருக்கிற பழைய முடி தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போகும். அதைப் பிடித்துவைக்க டாக்டர் மருந்து சொன்னால் வருஷக்கணக்கில் அதையும் விடாமல் தொடர வேண்டும். இல்லையென்றால் சில வருஷத்தில் நெற்றிக்கு மேல் தீவு மாதிரி ஒரு கொத்து, சுற்றிலும் பொட்டல். இருபத்திரண்டு வயதில் நெற்றியைத் தாழ்த்தி வரிசையாக நட்டுக்கொள்கிறவன் ஐம்பது வயதில் என்ன செய்வான் என்று யாராவது யோசித்தார்களா?

என்.எஸ். கிருஷ்ணன் நம்ம ஒழுகினசேரிக்காரர். இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் அவர் பல்லையும் தலையையும் பார்த்து எத்தனை பேர் 'பேக்கேஜ்' சொல்லியிருப்பார்களோ! சரி, அது போகட்டும்.

கொழுப்பு உறிஞ்சுதல்தான் இந்த வரிசையில் ஆபத்தானது. 'லைபோ' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். இது எடை குறைக்கிற வைத்தியமே இல்லை. தோலுக்குக் கீழே ஓரிடத்தில் தேங்கின கொழுப்பைக் குழாய் விட்டு எடுக்கிற வேலை. குடலைச் சுற்றி உள்ளே இருக்கிற கொழுப்பை, அதாவது சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் காரணமாகிற கொழுப்பை, இது தொடுவதே இல்லை. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பது ஆபத்து கூடிய வேலை என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கிற எல்லைக்கோடு. எடுத்த பிறகு வாரக்கணக்கில் இறுக்கமான உடுப்பு போட வேண்டும். தொய்ந்த தோல் தொய்ந்தே நிற்கலாம். சாப்பாடு மாறவில்லையென்றால் உடம்பு வேறு இடத்தில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். ரத்தக்கட்டியோ கொழுப்புத் துணுக்கோ நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை.

தெலுங்கில் கொடிகட்டிப் பறந்து தமிழிலும் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் அமெரிக்காவில் இறந்தபோது அவருக்கு வயது 31. சில வாரம் முன்னால் கொழுப்பு நீக்கம் செய்துகொண்டார் என்றும், அதன் பிறகு மூச்சுத்திணறல் இருந்தது என்றும் அவர் தரப்பில் சொன்னார்கள். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ். வயது 21. கொழுப்பு நீக்க ஆபரேஷனுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. பெற்றோருக்குக்கூடச் சொல்லாமல் போயிருந்தார். இருபத்தொரு வயதில் எவ்வளவு கொழுப்பு இருந்திருக்கும்? அதை எடுக்காவிட்டால் வேலை கிடைக்காது என்று அந்தப் பெண்ணின் மனசில் ஏற்றியது எது?

சென்னை சம்பவம் இன்னும் கொடுமை. 2016 மே மாதம், சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படித்த மாணவர் ஒருவர் முடி நடவு செய்துகொள்ளப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு உடம்பு மோசமாகி, வேலூர் வரை கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அந்த இடத்துக்கு என்ன உரிமம் இருந்தது தெரியுமா? முடி திருத்தகம் நடத்த! டாக்டராகப் போகிறவருக்கே அந்த இடத்தின் லட்சணம் தெரியவில்லை என்றால், லீவில் வந்த பையனுக்கு எப்படித் தெரியும்?

கோபம் வருகிற இடம் இனிமேல்தான். தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் சட்டம் போட்டது 1997-ல். அதை நடைமுறைப்படுத்துகிற விதிகள் வந்தது 2018-ல். இருபத்தொரு வருஷம்! அந்தச் சட்டம் ஃபைலில் படுத்துத் தூங்கிய காலத்துக்குள்தான் 2016-ம் வருகிறது. இட்லிக் கடைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், தராசுக்கு முத்திரை வைக்க ஆள் வருகிறார். தலைக்குள் ஊசி ஏற்றுகிற இடத்துக்கு யாரும் வரவில்லை. விதிகள் வந்த பிறகும், உங்கள் தெருவிலிருக்கிற கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முடி நடவு செய்கிறவருக்கு முறையான அறுவைப் பயிற்சி இருக்க வேண்டும், பயிலரங்கில் வேடிக்கை பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று அதில் எழுதியிருந்தது. யூடியூபைப் பார்த்துக் கத்தி எடுக்காதீர்கள் என்று டாக்டர்களுக்கு அரசாங்கம் எழுதிக்கொடுக்க வேண்டிய நிலை என்றால், நாடு எங்கே நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகும் கான்பூரில் 2024-லும் 2025-லும் முடி நடவுக்குப் போன இரண்டு இன்ஜினீயர்கள் இறந்தார்கள். போலீஸ் வழக்கில் சிக்கியவர் ஒரு பல் டாக்டர்.

விளம்பரத்துக்கும் விதி இருக்கிறது. ஆள் பிடிப்பது டாக்டர் தொழிலுக்கு அழகல்ல என்று 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. அப்படியானால் பஸ்ஸின் முதுகில் 'முன்பு - பின்பு' என்று ஒட்டியிருப்பது என்ன? அந்த இரண்டு படங்களையும் அடுத்த தடவை உற்றுப் பாருங்கள். 'முன்பு' இருட்டில் எடுத்தது, ஆள் குனிந்திருப்பார், சிரிக்கமாட்டார். 'பின்பு' நல்ல வெளிச்சம், நிமிர்ந்த கழுத்து, பவுடர், சிரிப்பு. கத்தியே படாமல் என்னையும் அப்படி மாற்றிக் காட்டலாம்.

இனி என் பாடம், கணக்கு. மருத்துவச் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. முடி நடவுக்கும் அழகு சிகிச்சைக்கும் அந்த விலக்கு கிடையாது. 2017-ல் வரி வந்தபோதே தெளிவாக எழுதிவிட்டார்கள். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம், விபத்து ஆகியவற்றால் கெட்டுப்போன உறுப்பைச் சீராக்குவது என்றால் விலக்கு. மற்றதற்கெல்லாம் வரி. கல்யாணத் தரகருக்குத் தெரியாத வித்தியாசம் வரி அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது! இன்ஷூரன்ஸும் இதே கோட்டில்தான் நிற்கிறது. தீக்காயத்துக்கும் விபத்துக்கும் தரும், அழகுக்குத் தராது. அழகுக்குச் செய்தது சிக்கலாகி ஐ.சி.யூ.வில் படுத்தாலும் கையை விரிக்க அதற்கு இடமிருக்கிறது.

இந்த வரியை வைத்து நடக்கிற விளையாட்டைக் கவனியுங்கள். "பில் வேண்டாம்னா வரி மிச்சம் சார், கேஷா குடுத்துருங்க" என்று கவுன்ட்டரில் பல்லைக் காட்டுவார்கள். நமக்கும் பல்லெல்லாம் தெரியும், பல ஆயிரம் மிச்சமாயிற்றே! ஆனால் நாம் அங்கே விட்டுக்கொடுப்பது வெறும் காகிதத்தை அல்ல. காசு கொடுத்துப் பெறுகிற மருத்துவச் சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆபரேஷனுக்கு முன் அதன் தன்மை, பலன், மாற்று வழி, முக்கியமான ஆபத்து எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-ல் சொன்னது. இவ்வளவு பாதுகாப்பும், நீங்கள் அங்கே போய்ப் படுத்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி இருந்தால்தான் லேசாகக் கைக்கு வரும். 500 ரூபாய் மிக்ஸி ஜாருக்கு வாரன்டி கார்டில் சீல் கேட்கிறவர்கள் நாம். மூக்குக்கு பில் கேட்கக் கூச்சப்படுகிறோம். ஏன்? ரகசியமாகச் செய்கிறோம். நம் ரகசியம்தான் அவர்கள் லாபம்.

பிளாஸ்டிக் சர்ஜரியே வேண்டாம் என்கிற கட்சி அல்ல நான். கத்தி என்றால் இந்த மாவட்டத்து ஜனங்களுக்கு நம்பிக்கை. அது நூறு வருஷத்துக்கு மேல் சம்பாதித்த நம்பிக்கை. நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கியது 1838-ல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல், அதே நெய்யூரில் தங்கி வருஷக்கணக்கில் ஏழைகளின் வயிற்றைத் திறந்து வைத்தியம் பார்த்தார். குளச்சல் பக்கம் உடையார்விளையில் தொழுநோயாளிகளுக்கென்றே ஆஸ்பத்திரி இருந்தது. வேலூரில் பால் பிராண்டு என்ற டாக்டர் 1940-களின் கடைசியில் தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். விரல் நிமிர்ந்தது, ஆனால் வெளியே போனவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. புருவம் உதிர்ந்து, மூக்கு உள்வாங்கிய முகத்தைப் பார்த்ததும் விரட்டினார்கள். அதனால் தலைத்தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புருவம் வைத்தார்கள், மூக்கைத் தூக்கி நிறுத்தினார்கள். அதுவும் தோற்றத்துக்காகச் செய்ததுதான். அந்த ஆளுக்கு டீக்கடையில் உட்கார இடம் கிடைத்ததே, அதற்காக.

இன்றைக்கும் பிளவுபட்ட உதட்டோடு பிறக்கிற குழந்தைக்கு இலவசமாக ஆபரேஷன் கிடைக்கிறது. தீயில் வெந்த கழுத்து நெஞ்சோடு ஒட்டிப்போன பெண்ணுக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் பிளாஸ்டிக் சர்ஜன்கள் மணிக்கணக்கில் நின்று பிரித்துவிடுகிறார்கள். அவர்கள் படம் எந்த பஸ்ஸின் முதுகிலும் இல்லை.

'அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றமா சார்?' என்று கேட்டு நாளைக்கே கடிதம் வரும். குற்றமே இல்லை. பணக்காரருக்குக் கிடைக்கிற அழகு சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டு, 2018-ல் சென்னை ஸ்டான்லியில் மார்பக அறுவை சிகிச்சையை இலவசமாகவே தொடங்கினார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. நான் செய்யவில்லை. பாரத்தால் முதுகு வலிக்கிற பெண்ணும், சட்டையைக் கழற்றக் கூசுகிற பையனும் வசதி இல்லை என்பதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. என் சண்டை ஆசையோடு இல்லை. அத்தை சொன்னதை மகளின் ஆசை என்று நோட்டில் எழுதுகிறவர்களோடும், ஒரு வருஷ வேலையை ஒரு வாரம் என்று விற்கிறவர்களோடும்தான்.

உங்களுக்கே வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து போகிறீர்களா, போங்கள். ஏ.சி. அறையில் ஜூஸ் கொடுத்து இனிக்க இனிக்கப் பேசுகிற 'கவுன்சலர்' பெண்ணிடம் ஒன்றும் கேட்காதீர்கள், அவருக்குச் சம்பளமே அதற்குத்தான். கத்தி பிடிக்கிறவரைக் காட்டச் சொல்லுங்கள். பெயருக்குப் பின்னால் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு இணையான டி.என்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். முடி என்றால் தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்து இதில் பயிற்சி பெற்றவரும் செய்யலாம். மயக்க மருந்து கொடுப்பது யார், ஏதாவது ஆனால் பக்கத்தில் எந்த ஐ.சி.யூ. என்று கேளுங்கள். மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டால் யார் செலவு என்று கேளுங்கள். சிகரெட் பழக்கத்தை மறைக்காதீர்கள், புண் ஆறாது. ஆஸ்பிரின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள், ரத்தம் நிற்காது. எல்லாவற்றையும் உங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.

இழுத்தடித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால், கிளம்பும் முன் அதற்கும் ரசீது.